கசிவது சீல்தானா?

போர்ஷே 944 ஒன்றை லிஃப்டில் ஏற்றிக் கீழே நின்று பார்த்தால், பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் அலுமினியப் பெட்டியின் வயிறு பெரும்பாலும் ஈரமாகத்தான் இருக்கும். 1982-இல் விற்பனைக்கு வந்து 1991-இல் நின்றுபோன கார் அது. கடைசியாக வெளிவந்த வண்டிக்கே இப்போது முப்பது வயதுக்கு மேல். ஈரத்தைப் பார்த்தவுடன் உரிமையாளர் சீல் போய்விட்டது என்கிறார், மெக்கானிக்கும் தலையாட்டுகிறார். புதுச் சீல் போடப்படுகிறது. சில மாதம் கழித்து அதே இடத்தில் அதே ஈரம்.

இப்படி மறுபடி ஒழுகும் வண்டிகளில் புதுச் சீலைப் பழிப்பதில் பயனில்லை. சீல் என்பது ஈரம் வெளியே தெரியும் இடம். ஈரத்துக்கான காரணம் ஷாஃப்டின் மேற்பரப்பிலோ, அடைபட்ட மூச்சுத்துளையிலோ, தேய்ந்த பேரிங்கிலோ இருக்கலாம். சில சமயம் கியர்பாக்ஸிலேயே இல்லாமல் இன்ஜினில் இருக்கலாம். ஆகவே டிரான்ஸ்ஆக்சில் சீல் மாற்றுவது பற்றிப் பேசும்போது, எப்படி மாற்றுவது என்பதைவிட எதை எப்போது மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதே பெரிய கேள்வி. பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் இதற்கு ஒரே பதில் கிடையாது என்பது தெரியும்.

பெட்டி இருக்கும் இடம்

கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருந்தால் அது டிரான்ஸ்ஆக்சில். நமக்கு இது புதிதல்ல. 1983-இல் வந்த மாருதி 800 முதல் இன்று ஓடும் முன்சக்கர இழுவைக் கார்கள் அத்தனையிலும் இருப்பது இதுதான். ஸ்போர்ட்ஸ் கார்களில் அதே அமைப்பைப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்ததற்குக் காரணம் எடைப் பங்கீடு. இன்ஜின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால் என்று வைத்தால் இரண்டு அச்சிலும் ஏறக்குறையச் சம பாரம் விழும். ஆல்ஃபா ரோமியோ 1972-இல் ஆல்ஃபெட்டாவில் இதைச் செய்தது. ஜிடிவி6, 75 ஆகிய மாடல்கள் அதன் வழியில் வந்தவை. போர்ஷே 924, 928, 944 மூன்றும் இதே வழி. இன்னொரு வகையில் இன்ஜினும் பெட்டியும் சேர்ந்தே முதுகுப்பக்கம் இருக்கும்: போர்ஷே 911, 914, லோட்டஸ் யூரோப்பா, லோட்டஸ் எஸ்ப்ரி, டி டோமாசோ பான்டெரா.

இதில் கவனிக்க வேண்டியது கிளட்ச் எங்கே இருக்கிறது என்பது. 944-இல் கிளட்ச் முன்னால், இன்ஜினோடு ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து டார்க் டியூப் என்ற நீளக் குழாய்க்குள் ஓடும் ஷாஃப்ட் பின்னால் இருக்கும் பெட்டிக்குச் சக்தியைக் கொண்டுபோகிறது. ஆகையால் 944-இன் இன்புட் ஷாஃப்ட் சீல் ஒழுகினாலும் கிளட்ச் நனையாது. எண்ணெய் பெட்டியின் முன்கூட்டில் சேர்ந்து அடிவழியாகச் சொட்டும். அசிங்கம், ஆனால் ஆபத்தில்லை. ஆல்ஃபாவில் கிளட்சையும் பின்னுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியின் வாயிலிலேயே வைத்துவிட்டார்கள். அங்கே இன்புட் சீல் ஒழுகினால் கிளட்ச் தட்டு எண்ணெய் குடித்து வழுக்கத் தொடங்கும். 911, 914, எஸ்ப்ரி, பான்டெரா எல்லாவற்றிலும் இதே கதிதான்.

பக்கவாட்டுச் சீலுக்கு வந்தால் நிலைமை இன்னும் மாறுகிறது. 944-இல் டிரைவ் ஷாஃப்ட் பக்கச் சீல் ஒழுகினால் நனைவது சி.வி. ஜாயின்டின் ரப்பர் உறையும் சுற்றியுள்ள இரும்பும். ஆல்ஃபெட்டா, ஜிடிவி6, 75 ஆகியவற்றில் பின்பக்க பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை; பெட்டியின் இருபுறமும் ஒட்டியிருக்கின்றன. சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடையைக் குறைக்கச் செய்த ஏற்பாடு அது, பொறியியலாகப் பார்த்தால் அழகானதுதான். ஆனால் அங்கே சீல் ஒழுகினால் கியர் ஆயில் நேராக பிரேக் டிஸ்க்கின் மேல் தெறிக்கும். தொடக்ககால எஸ்ப்ரியிலும் பின் பிரேக் உட்புறமாகவே இருந்தது. அதுவும் சிட்ரோயன் எஸ்எம் காரிலிருந்து எடுத்த கியர்பாக்ஸின் இரு தோள்களில்.

"கொஞ்சம் கசிஞ்சா என்ன, ஆயில் ஊத்தி ஓட்டலாம்" என்ற பொது அறிவுரையை ஒரே காரை மனதில் வைத்துச் சொன்னால் அது சரியாகவும் இருக்கலாம், உயிருக்கு உலையாகவும் முடியலாம். ஆல்ஃபா 75 வைத்திருப்பவர் பக்கச் சீல் ஈரத்தை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. 944 வைத்திருப்பவர் அளவைப் பார்த்துக்கொண்டே அடுத்த கிளட்ச் வேலை வரை நிம்மதியாக ஓட்டலாம்.

சீல் வேலை செய்யும் விதம்

ஆயில் சீலைப் பற்றிய பொதுவான நம்பிக்கை, ரப்பர் உதடு ஷாஃப்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எண்ணெயைத் தடுக்கிறது என்பது. அப்படி உலர்ந்து உரசினால் சில மணி நேரத்தில் கருகிவிடும். உண்மையில் உதட்டுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே ஒரு மைக்ரான் அளவில் மெல்லிய எண்ணெய்ப் படலம் எப்போதும் இருக்கிறது. உதட்டின் இரு சரிவுகளும் ஒரே கோணத்தில் இல்லை. எண்ணெய்ப் பக்கம் செங்குத்தாகவும், காற்றுப் பக்கம் படுத்தாற்போலவும் வெட்டியிருப்பார்கள். ஷாஃப்ட் சுழலும்போது இந்தச் சமமின்மை படலத்தை எண்ணெய்ப் பக்கமே திருப்பித் தள்ளுகிறது. சுருங்கச் சொன்னால் சீல் ஒரு நுண்ணிய பம்ப். அதைத் திருப்பிப் போட்டால் எண்ணெயை வெளியே இறைக்கும். புதுச் சீல் போட்ட அன்றே ஒழுகும் வண்டிகளில் சில இந்த வகை. உதட்டின் முதுகில் இருக்கும் வட்டச் சுருள் ஸ்பிரிங் எப்போதும் எண்ணெயைப் பார்த்தபடி இருக்க வேண்டும்.

இந்த வகைச் சீலின் வரலாற்றில் ஜெர்மனியின் வைன்ஹைம் நகரத்துக்கு முக்கிய இடம் உண்டு. அங்கே 1849-இல் தோல் பதனிடும் ஆலையாகத் தொடங்கிய ஃபிராய்டன்பர்க் நிறுவனம், 1929-இல் தோலிலேயே ஆயில் சீல் செய்ய ஆரம்பித்தது. அங்கு வேலை பார்த்த வால்டர் சிம்மர் என்ற ஆஸ்திரியப் பொறியாளரின் பெயரால்தான் ஜெர்மானியர்கள் இன்றும் இதை சிம்மரிங் என்கிறார்கள். 1930-களில் செயற்கை ரப்பர் வந்து தோலை ஓரங்கட்டியது.

வேகத்தையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்புட் ஷாஃப்டின் விட்டம் 25 மில்லிமீட்டர் என்று கொள்வோம். இன்ஜின் 6000 சுற்றில் ஓடினால் உதட்டின் கீழே ஷாஃப்டின் மேற்பரப்பு வினாடிக்கு ஏறத்தாழ 8 மீட்டர் ஓடும். பக்கவாட்டில் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஃபிளான்ஜ், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், வினாடிக்கு இரண்டரை மீட்டருக்கும் குறைவாகவே ஓடும். இன்புட் சீலுக்கு வேகம் அதிகம், சூடும் அதிகம். பக்கச் சீலுக்கு வேகம் குறைவு. ஆனால் சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும் ஆட்டமும் சாலைத் தூசியும் அதற்கு வருகின்றன. மூன்றாவதாக கியர் செலக்டர் ஷாஃப்ட் சீல். அந்த ஷாஃப்ட் சுழல்வதில்லை. முன்னும் பின்னும் போய் வரும், கொஞ்சம் திரும்பும். உள்ளே இழுக்கும் ஒவ்வொரு முறையும் வெளித் தூசியை உதட்டுக்குக் கொண்டுவரும். ஒரே பெட்டியில் இருக்கும் மூன்று சீல்களும் மூன்று விதமாகச் சாகின்றன என்பதால், மூன்றுக்கும் சேர்த்து ஒரு ஆயுள் கணக்கு சொல்ல முடியாது.

ரப்பரின் ரகமும் உண்டு. 1970-களிலும் 80-களிலும் பரவலாக இருந்தது நைட்ரைல் ரப்பர். 100 டிகிரி வரை தொல்லையில்லை, அதற்கு மேல் போகப்போக இறுகும். கியர் ஆயிலில் இருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள் அந்த இறுக்கத்தை விரைவுபடுத்துகின்றன. ஃப்ளூரோ ரப்பர் 200 டிகிரி வரை தாங்கும், விலை கூடுதல். சூடு அதிகமாகும் இன்புட் பக்கத்துக்குக் கிடைத்தால் இதைப் போடுவது நல்லது. பக்கவாட்டில் நைட்ரைலே போதும். அங்கேயும் விலை உயர்ந்ததுதான் வேண்டும் என்று அலைவது வீண் செலவு.

ஈரத்தின் மூலம்

சீலுக்கு விரல் நீட்டும் முன் நான்கைந்து விஷயங்களைப் பார்த்தாக வேண்டும். முதலில், அது கியர் ஆயில்தானா? இன்ஜின் முன்னால் இருக்கும் காரில் அடிக்காற்று இன்ஜின் ஆயிலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டுவந்து பெட்டியின் மேல் பூசிவிடும். 911-இலும் 914-இலும் இன்ஜினும் பெட்டியும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. நடுவே சொட்டும் எண்ணெய் இன்ஜினின் பின் சீலிலிருந்தும் வரலாம், பெட்டியின் இன்புட் சீலிலிருந்தும் வரலாம். மூக்கை நம்பலாம். கியர் ஆயிலுக்கு அழுகிய முட்டையை ஒத்த கந்தக நெடி உண்டு. கையில் பட்டால் சோப்புப் போட்டாலும் சாயங்காலம் வரை போகாது. கறுப்பாக, கெட்டியாக, விரலில் ஈயப் பளபளப்போடு ஒட்டினால் அது கிழிந்த சி.வி. உறையிலிருந்து தெறித்த கிரீஸ். அதற்குச் சீல் மாற்றி என்ன பயன்?

அடுத்தது பிரீதர். பெட்டி ஓடச் சூடாகும், உள்ளே காற்று விரியும். அது வெளியேற மேலே ஒரு சிறு மூச்சுத்துளை வைத்திருப்பார்கள். முப்பது வருட மண்ணும் எண்ணெயும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால், விரியும் காற்று இருப்பதிலேயே பலவீனமான சீலின் உதட்டைத் தூக்கிக்கொண்டு எண்ணெயோடு வெளியே வரும். நீண்ட ஓட்டத்துக்குப் பின் மட்டும் ஒழுகும், நின்றிருந்தால் ஒழுகாது என்றால் முதல் சந்தேகம் இதன்மேல். மேல்பக்கம் ஒளிந்திருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. இதைத் துடைத்து ஊதிவிடச் செலவு எதுவுமில்லை. அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றிய பெட்டியும் இதே மாதிரி நடந்துகொள்ளும்.

பிறகு பேரிங். வண்டியைத் தூக்கி வைத்து, பக்கவாட்டு ஃபிளான்ஜைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். வெறும் கைக்கே ஆட்டம் தெரிந்தால் டிஃபரன்ஷியல் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஷாஃப்ட் நடுப்புள்ளியை விட்டு விலகிச் சுற்றும்போது எந்த உதடும் அதைத் தொடர்ந்து பின்பற்ற முடியாது. அந்தப் பெட்டிக்குப் புதுச் சீல் போடுவது காசைக் கரியாக்குவது.

இன்னொன்று, வருடத்தில் பாதி நாள் நின்றே கிடக்கும் வண்டி. ஐரோப்பாவில் இத்தகைய கார்கள் குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் இருக்கும். அசையாத ஷாஃப்டின் மேல் உதடு ஒரே இடத்தில் அமுங்கிக் கிடக்கும், மேல்பாதியில் எண்ணெய் வடிந்து உலரும். வசந்தத்தில் முதல் ஓட்டத்தில் சொட்டும். நாலு நாள் ஓட்டினால் தானே நிற்பதும் உண்டு. நின்ற வண்டியின் முதல் வாரச் சொட்டை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

944-இல் வேலை

பக்கச் சீல் மாற்றுவது இந்தக் காரில் வீட்டுக் கொட்டகையிலேயே செய்யக்கூடிய வேலை. பலர் தடுமாறும் முதல் இடம் எண்ணெயை வடிப்பது. வடிக்கும் மூடியைத் திறப்பதற்கு முன்னால் ஊற்றும் மூடி திறக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இரண்டுக்கும் 17 மில்லிமீட்டர் ஆலன் சாவி. வடித்த பிறகு மேல் மூடி அசைய மறுத்தால் வண்டி எண்ணெயில்லாமல் லிஃப்டிலேயே குடியிருக்கும்.

அடுத்து சி.வி. ஜாயின்டின் போல்ட்டுகள், ஒரு பக்கத்துக்கு ஆறு. சில வண்டிகளில் அவை சாதாரண ஆலன் தலை. சிலவற்றில் பன்னிரண்டு பற்கள் கொண்ட எக்ஸ்இசட்என் தலை. பார்வைக்கு டார்க்ஸ் போல இருக்கும், ஆனால் டார்க்ஸ் சாவியைப் போட்டுத் திருகினால் பற்கள் வழித்துக்கொண்டு போய்விடும். அந்தக் குழிக்குள் பல வருட மண்ணும் கிரீஸும் கல்லாக இறுகி இருக்கும். ஊசிமுனைக் கருவியால் அதைச் சுரண்டி எடுத்து, சரியான சாவியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி, அடிவரை இறங்கிவிட்டது என்று உறுதியான பிறகே திருக வேண்டும். இந்தச் சுரண்டலுக்குச் சோம்பல்பட்டால் ஒரு போல்ட்டை அறுத்தெடுக்க அரை நாள் போகும். கழற்றிய ஷாஃப்டைத் தொங்கவிடாமல் கம்பியால் மேலே கட்டிவைக்க வேண்டும். வெளி ஜாயின்ட் அதன் எல்லைக்கு மேல் மடங்கக் கூடாது.

இப்போது வெறும் ஃபிளான்ஜ் தெரியும். நடுவில் ஒரு போல்ட்தான் அதைப் பிடித்திருக்கிறது. ஃபிளான்ஜில் இரண்டு போல்ட்டைப் பாதி திருகி, நடுவே ஒரு நீளக் கம்பியைக் கொடுத்துச் சுழலாமல் நிறுத்திக்கொண்டு அதைக் கழற்ற வேண்டும். ஃபிளான்ஜ் வெளியே வந்ததும் சீலைப் பார்க்கும் முன்பே ஃபிளான்ஜின் கழுத்தைப் பார்க்க வேண்டும். உதடு ஓடிய இடத்தில் ஒரு பளபளக்கும் கோடு இருக்கும். அதன் குறுக்கே நகத்தை இழுத்துப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் கவலையில்லை. ஒரு விளிம்பில் தட்டி நின்றால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. ரப்பர் எஃகைத் தின்னுமா என்று ஆச்சரியமாக இருக்கும். உதட்டில் சிக்கிய நுண்மணல்தான் தின்கிறது. ரப்பர் அதைப் பிடித்து வைத்திருக்கும் இடம் மட்டுமே. புதுச் சீல் போட்டும் ஒழுகும் வண்டிகளுக்கு முதன்மையான காரணமாக நான் நினைப்பது, யாரும் நகத்தால் தடவிப் பார்க்காத இந்தப் பள்ளத்தைத்தான்.

பழைய சீலை நெம்பி எடுக்கும்போது இரும்பு முனை கூட்டின் சுவரில் படக் கூடாது. அது மெல்லிய அலுமினியம். 911-இன் பழைய 915 பெட்டிகள் 1977 வரை மெக்னீசியம், இன்னும் மென்மை. நீளவாக்கில் ஒரு கீறல் விழுந்தால், சீலின் வெளிச்சுற்றில் எண்ணெய்க்கு ஒரு வாய்க்கால் வெட்டிக் கொடுத்தது போலாகும்.

புதுச் சீலைச் சரியான விட்டமுள்ள சாக்கெட்டாலோ பிளாஸ்டிக் குழாய்த் துண்டாலோ சுற்றிச் சுற்றித் தட்டி நேராக இறக்க வேண்டும். உதட்டில் கியர் ஆயில் தடவி, முதல் உதட்டுக்கும் தூசி உதட்டுக்கும் நடுவே கிரீஸ் நிரப்ப வேண்டும். உலர்ந்த உதட்டோடு முதல் சுற்றிலேயே ஓடினால் படலம் உண்டாகும் முன்பே முனை எரிந்துவிடும். டெஃப்ளான் உதடுள்ள சீல்களுக்கு இது நேர்மாறு: அவற்றை உலர்ந்த ஷாஃப்டில்தான் போட வேண்டும். உதட்டில் சாய்ந்த வரிகளும் ஓர் அம்புக்குறியும் இருந்தால் இடதுக்கும் வலதுக்கும் வேறு வேறு சீல் என்று அர்த்தம்; மாற்றிப் போட்டால் வரிகள் எண்ணெயை வெளியே அனுப்பும். சி.வி. போல்ட்டுகளை எண்ணெய்ப் பசை துடைத்து, எட்டு மில்லிமீட்டர் போல்ட்டானால் 42 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை பார்ப்பது வழக்கம்.

இன்புட் சீல் இப்படிச் சுலபமல்ல. பெட்டியையே இறக்க வேண்டும். ஆனால் 944-இல் ஒரு வினோதம் இருக்கிறது. கிளட்ச் முன்னால் இருந்தாலும், அதை மாற்ற டார்க் டியூபைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அதற்குப் பெட்டி கீழே வந்தாக வேண்டும். கிளட்ச் வேலைக்குப் பெட்டி இறங்கும் அன்றே இன்புட் சீலையும் செலக்டர் சீலையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். இன்புட் சீலுக்காக மட்டும் பெட்டியை இறக்குவது எனக்கு ஒப்புதல் இல்லாத காரியம். ஷாஃப்டின் பல்வரிகளின் மேல் மெல்லிய டேப் சுற்றாமல் புதுச் சீலை நுழைத்தால் அந்தக் கூர்விளிம்புகளே உதட்டைக் கிழித்துவிடும்.

தொடக் கூடாதவை

பக்கச் சீலைத் தாண்டி உள்ளே போனால், டிஃபரன்ஷியலை மூடியிருக்கும் பெரிய பக்க மூடியும் அதன் ஓ-ரிங்கும் இருக்கின்றன. அதுவும் கசியும். ஆனால் அந்த மூடி வெறும் மூடியல்ல. டிஃபரன்ஷியல் பேரிங்கின் இருக்கை அதில்தான் இருக்கிறது. கிரௌன், பினியன் என்ற இரு பற்சக்கரங்களும் எவ்வளவு நெருங்கிக் கடிக்க வேண்டும் என்பதை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவில் ஷிம் தகடுகள் வைத்துத் தொழிற்சாலையில் தீர்மானித்திருப்பார்கள். ஷிம் இடம் மாறினாலோ அடியில் தூசி சிக்கினாலோ வண்டி ஊளையிடத் தொடங்கும். கொஞ்சம் ஈரத்துக்காக ஆயிரம் மடங்கு விலையுள்ள கிரௌன்-பினியனைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

ரெனோ பெட்டிகளில் இந்த ஆபத்து இன்னும் வெளியிலேயே உட்கார்ந்திருக்கிறது. லோட்டஸ் யூரோப்பாவிலும், டிலோரியனிலும், 1988-க்குப் பிந்தைய எஸ்ப்ரியிலும் இருப்பவை ரெனோ பெட்டிகளே. இவற்றில் பக்கச் சீல் உட்கார்ந்திருப்பது விளிம்பில் பள்ளங்கள் வெட்டிய ஒரு பெரிய மரை வளையத்துக்குள். அந்த வளையத்தைத் திருகித்தான் பேரிங்கின் இறுக்கத்தையும் கிரௌன்-பினியன் இடைவெளியையும் நிர்ணயித்திருக்கிறார்கள். சீலையும் வெளி ஓ-ரிங்கையும் மாற்ற வளையத்தைக் கழற்றுவது வழக்கம். கழற்றும் முன் வளையத்திலும் கூட்டிலும் ஒரே நேர்கோட்டில் ஆழமாகக் குறியிட்டு, எத்தனை முழுச் சுற்றில் வெளியே வருகிறது என்று எண்ணி எழுதி வைத்து, அதே சுற்றில் அதே குறிக்கு உள்ளே திருப்ப வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். குறியிடாமல் இரண்டையும் கழற்றியவருக்கு டயல் கேஜோடு முழு அளவீட்டையும் செய்வதைத் தவிர வழியில்லை. யூரோப்பாவில் கூடுதலாக ஒன்று: டிரைவ் ஷாஃப்டின் உள்முனையைப் பிடித்திருப்பது ரோல் பின், எண்ணெய் உதட்டைத் தாண்டாமலேயே பல்வரிகளின் இடுக்கு வழியாக நடந்து வெளியே வரும். அங்கே சீலன்ட் தடவாமல் விட்டவர்கள் புதுச் சீலைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

பள்ளம் விழுந்த ஃபிளான்ஜுக்கு என்ன செய்வது? புது ஃபிளான்ஜ் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கிடைக்காத கார்களுக்கு எஸ்கேஎஃப் நிறுவனத்தின் ஸ்பீடி-ஸ்லீவ் என்ற மெல்லிய எஃகு உறை இருக்கிறது. தடிப்பு 0.28 மில்லிமீட்டர் என்பதால் அதே அளவுச் சீலையே மேலே போடலாம். மூன்றாவது வழி செலவில்லாதது: சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம் மாற்றி உட்காரவைத்து, உதடு பள்ளத்தை விட்டு விலகிப் புதுத் தடத்தில் ஓடும்படி செய்வது. உள்ளே எண்ணெய் வடியும் துளையை மறைக்காத வரை இதில் தவறில்லை. உப்புத்தாளால் தேய்த்துச் சமன்படுத்துகிறேன் என்று கிளம்புவதுதான் மோசம். சீல் ஓடும் பரப்பு சாய்ந்த கோடுகள் இல்லாமல் அரைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. கையால் தேய்க்கும்போது விழும் சாய்கோடுகள் ஒரு திருகாணியின் மரைபோல வேலை செய்து எண்ணெயை வெளியே நடத்திக்கொண்டு போகும்.

எண்ணெய் வழக்கு

சீல் பற்றிய பேச்சு எப்போதும் எண்ணெய்ப் பேச்சில் போய் முடியும். டிரான்ஸ்ஆக்சிலில் ஒரே எண்ணெய் இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்கிறது. 944 போன்ற பெட்டிகளில் கிரௌன்-பினியன் ஹைப்பாய்டு வகை. பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்வதால் அழுத்தம் தாங்கும் சேர்மானம் நிறைய வேண்டும், அதாவது ஜி.எல்-5. சிங்க்ரோ வளையங்களுக்கோ அவ்வளவு வழுக்கல் ஆகாது. பித்தளை, வெண்கல வளையங்களுக்குச் சூட்டில் கந்தகமும் ஆகாது. அவற்றுக்கு ஜி.எல்-4 பிடிக்கும். இன்றைய ஜி.எல்-5 எண்ணெய்களில் பலவும் பித்தளையைக் காக்கும் சேர்மானத்தோடு வருகின்றன என்பதால் பழைய அச்சத்தை அப்படியே சுமக்க வேண்டியதில்லை. அந்தக் காரின் கையேடு என்ன சொல்கிறதோ அந்தத் தரமே சரி. கையேட்டைவிட அதிகம் தெரிந்த நண்பர்கள் எல்லோருக்கும் உண்டு, அவர்களைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

சிந்தெடிக் ஊற்றினால் ஒழுகும் என்ற பேச்சு முழுக்கக் கட்டுக்கதையல்ல. கனிம எண்ணெய் ரப்பரைச் சற்று ஊதவைக்கும். பிஏஓ வகைச் செயற்கை எண்ணெய் தனியாக இருந்தால் அப்படி ஊதவைக்காது. முன்பு ஊதியிருந்த உதடு சுருங்கும். இதைச் சரிக்கட்டத்தான் இப்போது எஸ்டர் சேர்க்கிறார்கள். ஒழுக்கை நிறுத்தும் மருந்து என்று புட்டியில் விற்பதும் இதே தத்துவம்தான்: ரப்பரை ஊதவைத்து மென்மையாக்குவது. இறுகிப்போன உதட்டுக்குச் சில காலம் பலன் தெரியும். பள்ளம் விழுந்த ஃபிளான்ஜுக்கும் அடைபட்ட பிரீதருக்கும் அதனால் ஒன்றும் ஆகாது.

கடைசியாக, சீலை எங்கே வாங்குவது. பழைய கார் ஆர்வலர்களிடம் ஒரு பலவீனம் உண்டு: 1985-இல் அச்சடித்த அசல் பெட்டியில், பிரிக்காத உறையில் ஒரு சீல் கிடைத்தால் புதையல் கிடைத்த மாதிரி கொண்டாடுவார்கள். கியருக்கும் ஃபிளான்ஜுக்கும் அது சரி. ரப்பர் பெட்டிக்குள்ளேயும் முதுமை அடையும். ரப்பர்ப் பொருள்களைச் சேமிப்பது பற்றிய ஐஎஸ்ஓ 2230 தரநிலை நைட்ரைலுக்கு 7 வருடம், ஃப்ளூரோ ரப்பருக்கு 10 வருடம் என்று தொடக்கக் காலவரம்பு வைக்கிறது. அதற்குப் பிறகு சோதித்துப் பார்த்தே நீட்டிக்கலாம். ஆயில் சீலின் முகத்தில் ஷாஃப்ட் விட்டம், துளை விட்டம், அகலம் மூன்றும் பொதுவாகப் பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் அவை பொது அளவுகள். அந்த மூன்று எண்ணையும், உதட்டில் வரி இருந்தால் சுழலும் திசையையும் சொன்னால், காரின் பெயரே தெரியாத பேரிங் கடைக்காரர் போன வருடம் தயாரான சீலை எடுத்துக் கொடுத்துவிடுவார்.